பால் கொடுக்கும் தாய், பில் கொடுக்கும் தாய்

பழைய மாணவர் சங்க அழைப்பிதழ்களில் ‘அல்மா மேட்டர்’ என்ற வார்த்தையைப் பார்த்திருப்பீர்கள். அது நாம் டீக்கடையில் பேசுகிற மேட்டர் இல்லை. லத்தீனில் ‘மேட்டர்’ என்றால் அம்மா. ‘அல்மா’ அவளுக்கு முன்னால் போடும் அடைமொழி. ஊட்டி வளர்க்கிற என்று அர்த்தம். ரோமானியர்கள் பெண் தெய்வங்களை இப்படி அழைத்தார்கள். இத்தாலியின் போலோனியா பல்கலைக்கழகம் தன் பெயரிலேயே இதைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. பழைய மாணவரைக் குறிக்கும் ‘அலும்னஸ்’ஸும் இதே வேர்தான், வளர்ப்புப் பிள்ளை. விவாகரத்து வழக்கில் கேட்கிறார்களே ‘அலிமனி’, அதுவும் இதே வேர். ஆக, எல்லாமே சோற்று விவகாரம்.

இப்போது சிதம்பரத்துக்கு வாருங்கள். 1929-ல் பிறந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நிதி நெருக்கடியில் தள்ளாட, 2013-ல் தமிழக அரசு அதை எடுத்துக்கொண்டது. ஆனால் அங்குள்ள ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் கட்டணம் மட்டும் தனியார் கட்டணமாகவே நின்றது. எம்.பி.பி.எஸ்.ஸுக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய்க்கு மேல். மற்ற அரசுக் கல்லூரிகளில் 13 ஆயிரத்துச் சொச்சம். நான் வெறும் பி.காம்.தான். எனக்கே கணக்கு வருகிறது, சுமார் 40 மடங்கு!

2020 டிசம்பரில் மாணவர்கள் போராட உட்கார்ந்தார்கள். அடுத்த மாதம் நிர்வாகம் விடுதியைக் காலி செய்யச் சொன்னது. மெஸ்ஸை மூடிவிட்டார்கள், தண்ணீரை நிறுத்திவிட்டார்கள் என்று மாணவர்கள் புகார் சொன்னார்கள். ஊட்டி வளர்க்கிற தாய்!

‘கடனில் மூழ்கிய நிறுவனம் வேறு எப்படிச் சம்பளம் போடும்?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் தேவைக்கு மேல் ஆள் எடுத்தது 18 வயசுப் பையனா? உபரி ஊழியர்களை அரசே வேறு துறைகளுக்கு அனுப்பியது. அப்படியென்றால் தவறு யாருடையது என்று அரசுக்குத் தெரியும். ஒருவர் செய்த பற்றை இன்னொருவர் கணக்கில் எழுதினால் எங்கள் ஊர் மளிகைக் கடையில் அடிக்க வருவார்கள்.

50 நாளைக்கு மேல் உட்கார்ந்த பிறகு, 2021 தொடக்கத்தில் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாறியது. கட்டணமும் அரசுக் கட்டணமானது. பெயர் இப்போது அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி. கடலூரில் போய்த் தேடாதீர்கள், அதே சிதம்பரத்தில்தான் இருக்கிறது.

ஒரு அரசாணையில் முடிந்ததை 2013-லேயே ஏன் செய்யவில்லை? இடையில் லட்ச லட்சமாகக் கட்டிப் படித்து முடித்தவர்களுக்கு யார் பதில் சொல்வது? அவர்களுக்கும் பழைய மாணவர் சங்க அழைப்பிதழ் போகும். அதில் ‘அல்மா’வை மட்டும் அடித்துவிட்டு அனுப்புங்கள், சார்.