ஒரு சொட்டில் தாவும் எண்

பி.யூ.சி.யில் அறிவியல் படித்தவர்கள் யாரும் பினாப்தலீனை மறந்திருக்க மாட்டார்கள். பியூரெட்டிலிருந்து காரம் சொட்டச் சொட்ட, கூம்புக் குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருப்போம். சட்டென்று இளஞ்சிவப்பு வந்து நிற்கும். இரண்டு தடவை ஒரே அளவு வந்துவிட்டால் நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பலாம். இன்றைக்கும் பிளஸ் டூ பிள்ளைகளின் தரம் பார்த்தல் பெரும்பாலும் இப்படித்தான். மதிப்பெண் அந்த ஒரே எண்ணுக்கு.

பல வருடங்கள் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் எனக்கு இது போதாது. நிறம் மாறும் வரை குடுவைக்குள் என்ன நடந்தது? அதைப் பார்க்க ஒரு தடவையாவது பி.எச். மீட்டரை வைத்து, ஒவ்வொரு அளவையும் கையால் எழுதி, கிராஃப் தாளில் புள்ளி வைத்து வரைய வேண்டும்.

20 மில்லி டெசிநார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதே வலிமையுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு. கணக்குப்படி தொடக்கத்தில் பி.எச். 1. பத்து மில்லி காரம் ஊற்றியாகிவிட்டது, அமிலத்தில் பாதி தீர்ந்துவிட்டது, பி.எச். 1.5-ஐக்கூடத் தாண்டவில்லை! 19 மில்லியில் 2.6. பையன்கள் கொட்டாவி விட ஆரம்பிப்பார்கள். 19.95-ல் 3.9. அடுத்த இரண்டே சொட்டில், அதாவது 20.05-ல், 10.1. பி.எச்.சில் ஒரு படி என்றால் பத்து மடங்கு. அந்த இரண்டு சொட்டில் ஹைட்ரஜன் அயனிச் செறிவு பத்து லட்சம் மடங்குக்கும் மேல் குறைந்திருக்கிறது. சிவப்பு ஏன் ‘சட்டென்று’ வந்தது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மீட்டரில் 7 என்ற எண் வரவே வராது, தாண்டிப் போய்விடும். ‘சார், 7 வரலையே’ என்று கேட்கும் மாணவி நன்றாகச் செய்திருக்கிறாள் என்று அர்த்தம். 20.00-க்கு நேரே அழகாக 7.00 என்று எழுதியிருக்கும் நோட்டைத்தான் நான் சந்தேகத்தோடு பார்ப்பேன்.

ஹைட்ரோகுளோரிக் இருந்த இடத்தில் அசிட்டிக் அமிலத்தை வைத்துப் பாருங்கள். கோடே வேறு மாதிரி. 2.9-ல் தொடங்கி, பாதி வழியில் 4.76 பக்கம் சோம்பலாகப் படுத்துக்கிடக்கும். தாங்கல் கரைசல் என்று பாடத்தில் படித்தது இதுதான். முடிவு 7-ல் இல்லை, 8.7-ல். இதற்கு மெத்தில் ஆரஞ்சு போடக் கூடாது என்று மனப்பாடம் செய்தோமே, காரணம் கோட்டிலேயே தெரியும்: சுமார் 6 மில்லியிலேயே அது மஞ்சளாகிவிடும். இன்னும் 14 மில்லி பாக்கி!

நிறத்தை நம்ப முடியாத இடத்தில்தான் இந்த மீட்டரே பிறந்தது. பி.எச். என்ற அளவை 1909-ல் கொண்டுவந்தவர் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் இருந்த சோரன்சன். ஆம், அந்த பீர் கம்பெனிதான். 1934 வாக்கில் கலிபோர்னியாவில் எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க வேண்டியிருந்தது. சாற்றில் கலந்த கந்தக டை ஆக்சைடு லிட்மஸை வெளுத்துவிடும். அந்தச் சிக்கலுக்காக ஆர்னால்டு பெக்மன் செய்து கொடுத்த கருவிதான் பிறகு உலகமெங்கும் போனது.

இப்போது கணினியில் இணைத்தால் கோடு தானே வரைந்துகொள்கிறதே என்பார்கள். அது எனக்குப் பிடிப்பதில்லை. எங்கே இரண்டு இரண்டு மில்லியாக ஊற்றலாம், எங்கே சொட்டுச் சொட்டாக விட வேண்டும் என்று முடிவு செய்வதுதான் பாடம். திரை அதைப் பிடுங்கிக்கொள்கிறது.

செலவா? வகுப்புக்கு ஒரு மீட்டர் போதும். ஒருவர் பியூரெட், ஒருவர் மீட்டர், ஒருவர் நோட்டு. கிராஃப் மட்டும் எல்லோரும். நான் பார்த்த சில ஆய்வகங்களில் மீட்டர் இருந்தது, கண்ணாடி அலமாரிக்குள், பிளாஸ்டிக் உறை போட்டு. கண்ணாடி மின்முனையைப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் நனைத்து வைக்காமல் காயவிட்டதால், எடுத்தபோது எண் நிலைக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. வாரம் ஒரு நாள் அதை எடுத்து, 4, 7, 9.2 தாங்கல் கரைசல்களில் சரிபார்க்க ஒரு உதவியாளருக்கு அரை மணி நேரம் ஆகும்.