குட்டியின் விலை 15,000, நாயின் விலை 7 லட்சம்

பரீட்சை முடிந்து லீவு விட்டதும் நகரத்து வீடுகளில் எழும் கோரிக்கைகளில் நாய்க்குட்டிக்கு முதலிடம். அப்பா கூடாது என்பார். காலையில் யார் வெளியே கூட்டிப்போவது என்று அம்மா கேட்பார். பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் சத்தியம் செய்வார்கள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அட்டைப்பெட்டிக்குள் பழைய துண்டில் சுருண்டபடி ஒரு லாப்ரடார் குட்டி வந்து சேரும். அதற்குக் கொடுத்த 15,000 ரூபாயோடு பெரிய செலவு முடிந்தது என்று குடும்பம் பெருமூச்சு விடும்.

உண்மையில் அதுதான் மிகச் சின்னச் செலவு. புனேயிலோ செகந்திராபாதிலோ இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் வசிக்கும் ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் இது விளங்கும். வளர்ந்த லாப்ரடாரின் எடை 30 கிலோவை ஒட்டியிருக்கும். உலர்தீனி நாளுக்கு சுமார் 350 கிராம், அதாவது மாதம் பத்தரை கிலோ வேண்டும். கிலோ 300 ரூபாய் என்று வைத்தால் மாதம் 3,150, வருடத்துக்கு 37,800. இதைவிட மலிவான தீனியும் உண்டு, இரு மடங்கு விலையுள்ளதும் உண்டு. எதை வாங்கினாலும் விலைக்குள் 18 சதவீத ஜி.எஸ்.டி. அடங்கியிருக்கிறது. மாட்டுத் தீவனத்துக்கு இந்த வரி இல்லை. பால் கறக்காத ஜீவன் ஆடம்பரம்தான் என்று அரசு நினைத்திருக்கலாம்.

வீட்டுச் சாப்பாடு போட்டால் செலவே இல்லை என்பவர்கள் உண்டு. அது பாதி நிஜம். மிஞ்சிய சாதமும் தயிரும் போட்டு வளர்த்தால் நாய் உயிரோடிருக்கும், ஆரோக்கியமாக இராது. அதற்குப் புரதம் வேண்டும். கால் கிலோ கோழிக்கறி 60 ரூபாய், அரிசி, ஒரு முட்டை, கொஞ்சம் பூசணிக்காய், காஸ் எல்லாம் சேர்த்தால் நாளுக்கு 80 ரூபாயாகிவிடும். மாதம் 2,400. மிச்சம் 750 ரூபாய், அதற்கு ஈடாகத் தினம் ஒரு தனிச் சமையல். வளரும் குட்டிக்கு வெறும் கறியும் சோறும் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து குறைந்து கால் வளையும். ஆகவே என்ன சேர்க்கவேண்டும் என்று டாக்டரைக் கேட்காமல் இந்த வழியில் இறங்கக்கூடாது. வேகவைத்த கோழி எலும்பு உடைந்து குடலைக் குத்தும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு விஷம். சிக்கனத்துக்காக மிச்சக் குழம்பை ஊற்றுகிறவர்கள் அதில் வெங்காயம் இருப்பதை மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது ஊசி. ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, டிஸ்டம்பர், பார்வோ முதலான நோய்களுக்கான கூட்டு ஊசி சில வார இடைவெளியில் இரண்டு மூன்று தடவை போடவேண்டும். மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி, பிறகு வருடம்தோறும். குடற்புழு மருந்து முதலில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பின்பு மாதம் ஒருமுறை, ஆறு மாதத்துக்குப் பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. தனியார் கிளினிக்கில் முதல் வருடம் இதற்கு 5,000 ஒதுக்கலாம், அடுத்தடுத்த வருடங்களில் 2,500. உண்ணி மருந்துக்கு மாதம் 600 வீதம் 7,200. ஷாம்பு, நகவெட்டி, அவ்வப்போது வீணாகும் செருப்பு என்று மாதம் 300, வருடத்தில் 3,600. பட்டை, சங்கிலி, தட்டு, படுக்கை, லைசென்ஸ் ஒருமுறைச் செலவாக 4,000. கருத்தடை ஆபரேஷன் 8,000. ஊருக்குப் போகும்போது பத்து நாள் காப்பகத்தில் விட, நாளுக்கு 700 வீதம் 7,000.

முதல் வருடம் 72,600. இரண்டாம் வருடத்திலிருந்து 58,100, அதாவது மாதம் கிட்டத்தட்ட 4,850. லாப்ரடார் 12 வருடம் வாழ்ந்தால் 7 லட்சத்துப் 11 ஆயிரம். இது இன்றைய விலையில், விலைவாசி ஏறவே ஏறாது, நாய்க்கு நோயே வராது என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு. விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் தீனி விலை இரட்டிப்பாகும். குட்டிக்குக் கொடுத்த 15,000 இந்தத் தொகையில் இரண்டு சதவீதம். தொகைகள் ஊருக்கு ஊர் மாறும், விகிதம் அதிகம் மாறாது.

அந்த இரண்டு சதவீதத்தில் மிச்சம் பிடிக்கப் பார்ப்பதுதான் பலர் செய்யும் தவறு. நாய் இனப்பெருக்கம், விற்பனை குறித்து மத்திய அரசு 2017இல் கொண்டுவந்த விதிகளின்படி, எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக்கூடாது, வளர்ப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஆனால் 30, 35 நாள் குட்டிகள் கூண்டில் அடைத்து விற்கப்படுவதை எந்த நகரத்திலும் பார்க்கலாம். விலையும் இரண்டு மூவாயிரம் குறைவாக இருக்கும். தாய்ப்பால் போதாமல், ஊசியும் போடாமல் வரும் குட்டிக்குப் பார்வோ தாக்கினால் வாந்தி, ரத்தப்பேதி. ஐந்தாறு நாள் டிரிப்ஸ் ஏற்றவேண்டும். நாளுக்கு 2,500 என்றாலும் குட்டியின் விலை இன்னொரு தடவை போய்விடும். அப்போதும் பிழைக்கும் என்று எந்த டாக்டரும் எழுதித் தரமாட்டார்.

எந்த இனம் என்பதும் பண விஷயம்தான். 2003இல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு சிறுவன் பின்னால் பக் நாய் ஓடியதும், நாடெங்கும் பக் குட்டிக்குக் கிராக்கி கூடியது. தட்டையான மூஞ்சி பார்க்க அழகு. ஆனால் அந்த மூக்கினால் நம் வெயிலில் சரியாக மூச்சு விட முடியாது. கண், தோல் மடிப்பு என்று டாக்டரிடம் போய்வருவது வாடிக்கையாகிவிடும். அதற்கும் மேலே போய், சைபீரியப் பனியில் வண்டி இழுத்த ஹஸ்கியை நாக்பூரில் வளர்க்கிறார்கள். ஏ.சி. நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் சுமார் பத்து யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றாலும் மாதம் 2,400 ரூபாய் கோடை முழுக்கக் கூடுதலாக ஆகும். அது நாய்க்கும் தண்டனை.

நம் ஊர் வெயிலுக்குப் பிறந்த நாய்கள் இல்லாமல் இல்லை. ராஜபாளையம், முதோல், ராம்பூர் வேட்டை நாய், இமாலய ஆட்டு நாய் நான்குக்கும் 2005இல் தபால் தலையே வெளியானது. ஆனால் இவை ஓடிப் பழகியவை. நான்காவது மாடிப் பால்கனியில் கட்டிப்போட்டால் வீட்டுச் சாமான்கள் தப்பாது. ஃபிளாட்வாசிகளுக்குச் சிக்கனமானது தெருக்குட்டிதான். 15 கிலோ எடையுள்ள நாய்க்கு லாப்ரடார் தின்பதில் பாதிக்குச் சற்று மேல் போதும். தீனியில் மட்டும் வருடத்துக்கு சுமார் 15,000 ரூபாய் மிச்சமாகும். பரம்பரை நோய்களும் பொதுவாகக் குறைவு. ஊசி, மருந்து, கருத்தடை மட்டும் எல்லா நாய்க்கும் ஒன்றுதான். இலவசமாக வந்தது என்பதற்காக ஒரு ஊசியும் குறையாது. 2025 ஆகஸ்ட் 22இல் தெருநாய்கள் பற்றி உத்தரவிட்ட சுப்ரீம் கோர்ட், விரும்புகிறவர்கள் மாநகராட்சியில் விண்ணப்பித்துத் தத்தெடுக்கலாம் என்றதோடு, அந்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது தத்தெடுத்தவர் பொறுப்பு என்றும் சொல்லிவிட்டது.

எதில் மிச்சம் பிடிக்கலாம்? டாக்டர் ஃபீஸில் பிடிக்கலாம். சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி, பெங்களூர் ஹெப்பாளில் உள்ள கால்நடைக் கல்லூரி, மும்பை பரேலில் 1883இலிருந்து இயங்கும் பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் ஆஸ்பத்திரி போன்ற இடங்களில் காத்திருக்கும் பொறுமை இருந்தால் தனியார் கிளினிக்கைவிடச் செலவு குறைவு. எக்ஸ்ரே, ஆபரேஷன் வசதியும் அங்கேயே உண்டு. 1885இல் பாஸ்டர் முதல் ரேபிஸ் ஊசி போட்ட ஜூலை 6, உலக ரேபிஸ் தினமான செப்டம்பர் 28 ஆகிய நாட்களையொட்டிப் பல ஊர்களில் இலவச ஊசி முகாம் நடத்துகிறார்கள். கால்நடை கிளினிக்கின் சிகிச்சைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. பில்லில் யாராவது சேர்த்திருந்தால் கேட்கலாம்.

கருத்தடையைத் தள்ளிப்போடுவது மிச்சமல்ல. ஆபரேஷன் செய்யாத பெட்டை நாய்க்கு நடுவயதுக்கு மேல் கருப்பையில் சீழ் கட்டும் அபாயம் உண்டு. அப்போது அதே ஆபரேஷனை அவசரமாக, உயிர் ஊசலாடும் நிலையில், பல மடங்கு செலவில் செய்யவேண்டி வரும். உண்ணி மருந்தும் அப்படித்தான். 600 ரூபாயை மிச்சம் பிடித்தவர்கள் உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை, நாலு வார மாத்திரை, தட்டணுக்கள் மிகவும் குறைந்துவிட்டால் ரத்தம் ஏற்றுவது என்று ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள்.

இந்த மாதிரி திடீர்ச் செலவுதான் பட்ஜெட்டைக் கவிழ்ப்பது. முழங்கால் ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் என்றால் தொகை பல்லாயிரத்துக்குப் போகும். இன்ஷூரன்ஸ் இருக்கிறது. பொதுத்துறையின் நியூ இந்தியா நெடுநாளாகவே நாய் பாலிசி தருகிறது, பஜாஜ் அலையன்ஸ் 2020இல் தொடங்கியது, வேறு சிலவும் உண்டு. கையெழுத்துப் போடுமுன் வயது வரம்பு, ஆரம்பத்தில் எத்தனை நாள் க்ளெய்ம் இல்லை, எந்த நோய்கள் விலக்கு என்ற மூன்றையும் படிக்கவேண்டும். வழக்கமான ஊசிக்கும் பரிசோதனைக்கும் பொதுவாகப் பணம் வராது. ஊசி போடாத நாய்க்கு அந்த நோய் வந்தால் கம்பெனி கைவிரிக்கும். நாய் யாரையாவது கடித்தால் தரவேண்டிய நஷ்ட ஈட்டுக்கும் பாதுகாப்பு தரும் பாலிசியாக இருந்தால் நல்லது. நொய்டா நிர்வாகம் 2022இல் எடுத்த முடிவுப்படி, வளர்ப்பு நாய் கடித்தால் உரிமையாளருக்கு 10,000 ரூபாய் அபராதம், சிகிச்சைச் செலவும் அவர் தலையில்தான். பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு, விலங்கை அலட்சியமாக வைத்திருப்பவருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. நாய்க்குக் கட்டும் பிரீமியத்துக்கு 80டி பிரிவில் வரிச் சலுகை கிடையாது. பிள்ளை மாதிரி வளர்க்கிறோம் என்ற வாதம் வருமான வரி இலாகாவிடம் எடுபடாது.

இன்ஷூரன்ஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் 1,000 ரூபாய் தனியே போடவேண்டும். எங்கே போடுவது என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். தபால் ஆபீஸ் ஐந்து வருட ஆர்.டி.யில், 2025இல் இருந்த 6.7 சதவீத வட்டிக்கு, மாதம் ஆயிரம் போட்டால் முடிவில் 71,000 ரூபாய்க்குச் சற்று மேல் வரும். ஆனால் மூன்று வருடத்துக்கு முன் அதை மூட முடியாது. ஒரு வருடம் கழித்துப் பாதித் தொகை கடன் வாங்கலாம், அவ்வளவுதான். ராத்திரி பத்து மணிக்கு வயிறு உப்பிய நாயைத் தூக்கிக்கொண்டு ஓடும்போது அது உதவாது. முதலில் 20,000 ரூபாய் சேரும்வரை சாதாரண சேமிப்புக் கணக்கில் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு வருவதை ஆர்.டி.க்குத் திருப்புவது புத்திசாலித்தனம்.

பட்ஜெட்டில் எழுத மறக்கும் இன்னொரு செலவு பயணம். டெல்லியிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ வருடம் ஒருமுறை சொந்த ஊருக்கு ரயிலேறும் குடும்பம் நாயையும் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்றால், ஏ.சி. முதல் வகுப்பில் கூபே முழுவதையும் எடுக்கவேண்டும். நாய்க்குப் பார்சல் ஆபீஸில் தனிக் கட்டணம். ஏ.சி. இரண்டடுக்கு, மூன்றடுக்கு, ஸ்லீப்பர் எதிலும் அனுமதி இல்லை. புக் செய்யாமல் ஏற்றிப் பிடிபட்டால் ஆறு மடங்கு கட்டணம். மற்ற வழி, கார்டு பெட்டியில் உள்ள நாய்ப் பெட்டி. மே மாதத்தில் இரண்டு ராத்திரி அதில் அடைத்து அழைத்துப் போவதைவிட 7,000 ரூபாய் கொடுத்துக் காப்பகத்தில் விடலாம். அங்கே ரேபிஸ் ஊசிச் சான்றிதழ் கேட்காமல் சேர்த்துக்கொண்டால் வேறு இடம் பார்ப்பது நல்லது. கேட்காதவர் பக்கத்துக் கூண்டு நாய்க்கும் கேட்டிருக்கமாட்டார்.

வாடகை வீட்டுக்காரர்களுக்குத் தனிக் கவலை. குடியிருப்புச் சங்கம் பெரும்பான்மைத் தீர்மானம் போட்டுக்கூட நாய் வளர்ப்பதைத் தடுக்க முடியாது, லிஃப்டுக்குத் தனிக் கட்டணம் வசூலிக்கக்கூடாது என்று விலங்கு நல வாரியத்தின் 2015 வழிகாட்டல் சொல்கிறது. வீட்டுச் சொந்தக்காரரோடு போட்ட ஒப்பந்தம் வேறு விஷயம். நாய் கூடாது என்று அதில் இருந்தால், அடுத்த வீட்டுக்கான அட்வான்ஸையும் லாரி வாடகையையும் நாய்க் கணக்கில்தான் எழுதவேண்டும்.

இத்தனையும் முன்கூட்டிப் பார்க்காதவர்களின் நாய்கள் எங்கே போகின்றன என்பதை நெடுஞ்சாலை ஓரத்திலும் காப்பகங்களின் வாசலிலும் பார்க்கலாம். கழுத்தில் பட்டை இருக்கும், ஆள் இருக்கமாட்டார். பெரும்பாலும் வயதானவை அல்லது தோல் நோய் வந்தவை. நாயைக் காரணமின்றிக் கைவிடுவது 1960ஆம் வருட விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவுப்படி குற்றம். முதல் தடவைக்கான அபராதம் 10 முதல் 50 ரூபாய். லாப்ரடாரின் அரைநாள் தீனி.

வாங்கலாமா வேண்டாமா என்று தயங்கும் குடும்பம் ஒரு ஒத்திகை பார்க்கலாம். குட்டி வருவதற்கு மூன்று மாதம் முன்பிருந்து, சம்பளம் வந்த அன்றே 6,000 ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு மிச்சத்தில் குடும்பம் நடத்திப் பார்க்கவேண்டும். தினம் காலை ஆறு மணிக்கும் ராத்திரி ஒன்பது மணிக்கும், சத்தியம் செய்த பிள்ளைகள் வெறுங்கையோடு அரைமணி நேரம் தெருவைச் சுற்றி வரவேண்டும். மழை நாளிலும்தான். மூன்று மாதமும் நடந்தால் கணக்கில் 18,000 ரூபாய் இருக்கும். அதைக் குட்டி வாங்கச் செலவழிக்கக்கூடாது. குட்டியின் விலையை வேறெங்கிருந்தாவது எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் தெருக்குட்டியைத் தூக்கி வரவேண்டும். இந்த 18,000 முதல் தடவை டாக்டரிடம் ஓடும் ராத்திரிக்கு.