மாத்திரை கொடுத்தாச்சு, அப்புறம்?

பேராவூரணியில் யாருக்குக் கண் சிவந்தாலும் "மெட்ராஸ் ஐ" என்று சொல்லிவிடுவோம். அது பெரும்பாலும் வைரஸால் வருவது. ஒன்றிரண்டு வாரத்தில் தானே அடங்கிவிடும். இந்த வாரம் பார்க்கப்போவது அப்படி லேசில் விடாத நோய். பெயர் டிரக்கோமா.

இது பாக்டீரியா தொற்று. குழந்தையின் கண் பீளையும் மூக்குச் சளியும் கை, துண்டு, ஈ வழியாக அடுத்தவர் கண்ணுக்குப் போகும். திரும்பத் திரும்ப வந்தால் மேல் இமையின் உட்புறம் தழும்பாகிவிடும். பல வருஷம் கழித்து இமை உள்ளே மடங்கி, முடி கருவிழியில் உரசும். கவனிக்காவிட்டால் பார்வையே போகும். குழந்தைகளைத் தூக்கி வளர்ப்பதால் பெண்களுக்குத்தான் பாதிப்பு அதிகம்.

வங்கக்கடலின் அந்தப் பக்கம் இருக்கும் கார் நிக்கோபாரில், 2010-ல் பரிசோதித்தபோது 1 முதல் 9 வயதுக் குழந்தைகளில் சுமார் பாதிப் பேருக்கு இந்த நோய் இருந்தது. வருஷத்துக்கு ஒரு முறை என மூன்று வருஷம் ஊருக்கே அசித்ரோமைசின் மருந்து கொடுத்தார்கள். நோய் உள்ளவருக்கு மட்டும் கொடுத்தால், விட்டுப்போன ஒரு குழந்தையிடமிருந்து மறுபடியும் எல்லோருக்கும் பரவும் அல்லவா?

மருந்து கொடுத்ததோடு வேலை முடியவில்லை. அதன்பின் மீண்டும் போய்ப் பார்த்தார்கள். குழந்தையின் மேல் இமையைப் புரட்டி, உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே சின்னச் சின்ன வெள்ளைப் பொரிகள் இருக்கின்றனவா என்று எண்ணுவதுதான் பரிசோதனை. பாதியாக இருந்தது சுமார் 7 சதவீதமாக இறங்கியிருந்தது. பெரிய வெற்றிதான். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு 5 சதவீதத்துக்கும் கீழே. எண்ணிப் பார்க்காமல் இருந்திருந்தால், "எல்லாம் சரியாகிவிட்டது" என்று நினைத்துக் கிளம்பியிருப்பார்கள்!

2024 அக்டோபர் 8-ல், டிரக்கோமா இனி இந்தியாவில் பொதுச் சுகாதாரப் பிரச்னை இல்லை என்று அந்த நிறுவனம் அறிவித்தது. நேபாளம், மியான்மருக்கு அடுத்து தென்கிழக்கு ஆசிய வட்டாரத்தில் மூன்றாவது நாடு நாம். ஆனால் கிருமியே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. நோய் மிகவும் குறைந்துவிட்டது, தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்றுதான் அர்த்தம்.

நம் வீட்டில் செய்ய வேண்டியது என்ன? பள்ளி விட்டு வரும் பிள்ளையை முதலில் முகம் கழுவச் சொல்லுங்கள். ஆளுக்கொரு துண்டு வையுங்கள். குப்பையை மூடி வைத்தாலே ஈ குறையும்.

பாட்டிகளையும் கவனியுங்கள். "கண்ணுல முள்ளு குத்துற மாதிரி இருக்கு" என்று அடிக்கடி இமை முடியைப் பிடுங்கிக்கொள்கிறார்களா? பிடுங்கினால் மறுபடி முளைக்கும், மறுபடி உரசும். அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போய்க் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். இமையைச் சரிசெய்யச் சின்ன அறுவை சிகிச்சை இருக்கிறது. போன பார்வையை அது திருப்பித் தராது. இருக்கும் பார்வையைக் காப்பாற்றும். அதனால் தள்ளிப்போடாதீர்கள்.