மின்தூக்கி இல்லாத நிலையங்களும் தவணை கேட்கும் சட்டமும்

பிரான்சின் பொதுப் போக்குவரத்து யாவும் உடல் வலுவிழந்தோர் பயன்படுத்தத்தக்கதாகப் பத்தாண்டுகளுள் மாற்றப்படல் வேண்டும் என்று 2005 பெப்ரவரி 11ஆம் திகதிச் சட்டம் விதித்தது. அத்தவணை 2015இல் முடிந்தது, வேலைகள் முடியவில்லை. தவணை தவறும் என்பதை முன்கூட்டியே உணர்ந்த அரசு, 2014 செப்ரெம்பரில் ஒரு கட்டளைச் சட்டத்தின் மூலம் புகையிரதத் துறைக்கு ஒன்பது ஆண்டுகள் வரை மேலும் அவகாசம் அளித்தது. அந்த அவகாசமும் கடந்துவிட்டது. படிக்கட்டுகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் மற்றொரு விதிவிலக்கும் உண்டு. ஏற்கெனவே அமைந்துள்ள நிலக்கீழ்ப் புகையிரதப் பாதைகளை இத்தவணை கட்டுப்படுத்தாது. ஆனால் அவற்றுக்குப் பதிலாக மாற்றுப் போக்குவரத்து வழங்கப்படல் வேண்டும். பரிஸ் மெற்றோ இவ்வாறே தப்பிக்கொண்டது. அதன் பழைய நிலையங்கள் 1900ஆம் ஆண்டு முதல் ஒடுக்கமான நிலத்தடியில் தோண்டப்பட்டவை. அங்கே மின்தூக்கி அமைப்பது கடினம் என்னும் வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. எனினும் 1998இல் திறக்கப்பட்ட 14ஆம் தடம் தொடக்கத்திலேயே அனைவருக்குமாகத் திட்டமிடப்பட்டது. பழைய தடங்களில் சக்கர நாற்காலிக்கு ஏற்ற நிலையங்கள் மிகச் சிலவே.

2024இல் பரலிம்பிக் போட்டிகள் உலகின் கண்களைப் பரிசுக்குத் திருப்பின. அவ்வேளை, இல் து பிரான்ஸ் பிராந்தியத் தலைவி வலேரி பெக்ரெஸ், மெற்றோவை அனைவருக்கும் உரியதாக்க 15 முதல் 20 பில்லியன் யூரோவும் இருபது ஆண்டுகளும் தேவை என்றார். செலவை யார் ஏற்பது என்ற கேள்வியே முதலில் எழுந்தது. இன்று அறுபதைக் கடந்தவர் ஒருவருக்கு அந்த இருபது ஆண்டுகள் எதைக் குறிக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இது எமக்குப் புறம்பான விவகாரமன்று. எண்பதுகளில் இளைஞராய் வந்திறங்கிய எம்மவர் இப்போது முதுமையை எட்டியுள்ளனர். உணவகச் சமையலறைகளில் பல ஆண்டுகள் நின்ற கால்கள் படியேற மறுக்கின்றன. போரில் அவயவம் இழந்தோரும் எம்மிடையே உளர்.

புகலிடம் கோருவோர் ஒருவரின் வழியை எண்ணிப் பார்ப்போம். லா கூர்னேவ், லு பூர்ஜே, ஒல்னே போன்ற புறநகர்களில் வசிப்பவருக்கு ஆர்.ஈ.ஆர். பி தடமே உயிர்நாடி. அவர் செல்லவேண்டிய ஒவ்ப்ரா அலுவலகம் பொந்தனே சூ புவாவில் உள்ளது. பி தடத்தில் கார் து நோர் வந்து, அதனோடு இணைந்த மஜந்தா நிலையத்தில் ஈ தடத்துக்கு மாறி, வில்லியே அல்லது தூர்னோன் செல்லும் வண்டியில் வால் து பொந்தனேயில் இறங்கலாம். ஷெல் செல்லும் வண்டி அங்கே போகாது. மஜந்தா 1999இல் திறக்கப்பட்ட நிலையம். பழைய மெற்றோ நிலையங்களின் இடர் அங்கில்லை.

ஒவ்ப்ரா மறுத்துவிட்டால் மேன்முறையீட்டுக்குச் செல்லவேண்டிய புகலிட நீதிமன்றம் மொந்ரெய் நகரில் உள்ளது. அங்கு செல்லும் 9ஆம் மெற்றோத் தடம் 1937இல் அந்நகரை எட்டியது. சக்கர நாற்காலியில் இருப்பவர் அதை நம்பமுடியாது; பேருந்தையே நாடவேண்டும். வழக்கு ஒன்றே, மனிதர் ஒருவரே. இறுதி வாய்ப்புக்கான பயணமே அவருக்கு மிகக் கடினமாகிறது.

சட்டம் கூறிய மாற்றுப் போக்குவரத்து எங்கே? ‘பாம்’ எனப்படும் முன்பதிவு வாகனச் சேவை உண்டு. ஆனால் அதைப் பெற, பொதுவாக எண்பது சதவீத வலுவிழப்பை உறுதிசெய்யும் அட்டை வேண்டும். மொழி அறியாது, நிலையான முகவரியின்றி, அண்மையில் வந்த ஒருவர் விசாரணைத் திகதிக்குமுன் அக்கோப்பை முடிப்பது அரிது. மெற்றோவுக்கு விலக்களித்த நிபந்தனை, அதை மிகவும் வேண்டிநிற்பவரைச் சென்றடையவில்லை.

‘அணுகத்தக்க நிலையம்’ என்ற சொல்லையும் ஆராய்தல் வேண்டும். தெருவிலிருந்து வண்டிவரை உள்ள வழி ஒரு சங்கிலி போன்றது. ஒரு மின்தூக்கி பழுதானால் சங்கிலி அறுந்துவிடும். மேடைக்கும் வண்டிக்கும் இடைவெளி இருப்பின், சாய்தளம் வைக்க ஊழியர் வரவேண்டும். பழுதையும் தடமாற்றத்தையும் ஒலிபெருக்கி பிரெஞ்சில் அறிவித்தால், மொழி தெரியாதவருக்கு அதுவும் ஒரு படிக்கட்டே. செவ்ரோன் நகரில் இரு நிலையங்கள் இருப்பதும், பி தடம் ஒல்னேயில் இரண்டாய்ப் பிரிவதும் புதியவரைத் தடுமாறச் செய்யும். வண்டியின் நான்கெழுத்துக் குறியில் முதலெழுத்து ‘ஈ’ எனில் விமான நிலையம். ‘ஐ’ எனில் மித்ரி. பிரெஞ்சுக்காரர் ‘ஐ’யை ‘ஈ’ என்றே உச்சரிப்பர் என்பதால், காதால் கேட்பதைவிடக் கண்ணால் பார்ப்பதே நன்று.

பயணத்துக்கு முன்னிரவும் புறப்படும் காலையும் மின்தூக்கிகளின் நிலையை இல் து பிரான்ஸ் மொபிலித்தே செயலியில் பார்த்துக்கொள்ளல் அவசியம். உடல்நிலையைச் சட்டத்தரணி வாயிலாக முன்கூட்டியே எழுத்தில் அறிவித்தலும் நன்று.

தனிமனிதரின் முன்னெச்சரிக்கை அரசின் கடமைக்கு ஈடாகாது. எமது சங்கங்கள் விழாக்களுக்குச் செலவிடும் உழைப்பில் சிறிதளவை இதற்கும் ஒதுக்கலாம். எந்த நிலையத்தில், எத்திகதி முதல், எத்தனை நாள் மின்தூக்கி இயங்கவில்லை என்று குறித்துவைத்து, போக்குவரத்து அதிகாரசபைக்குப் பிரெஞ்சில் எழுதுதல் வேண்டும். இருமுறை தவணை பெற்றவர்கள் மூன்றாம் முறை கேட்கும்போது, அவர்கள்முன் வைக்க எம்மிடம் ஒரு பட்டியலாவது இருக்கட்டும்.