இந்த விடுமுறையில் உறவுகளைக் கூட்டுவது யார்?

பள்ளிகளின் நீண்ட விடுமுறை மீண்டும் டிசம்பருக்கே திரும்பியிருக்கிறது. பெருந்தொற்றுக்குப் பிறகு, 2022 முதல் நமது கல்வியாண்டு மார்ச்சு மாதத்துக்குத் தள்ளிப்போனது. அதனால் ஆண்டிறுதி என்ற சொல்லுக்கே பொருள் இல்லாமல் போயிற்று. இப்போது 2026ஆம் கல்வியாண்டு ஜனவரிக்கு வந்துவிட்டது. கோலாலம்பூர், சிலாங்கூர் பள்ளிகள் ஜனவரி 12ஆம் தேதி திறக்கின்றன. அதுவரை ஏறக்குறைய மூன்று வாரம் ஓய்வு. கிறிஸ்துமசும் ஆங்கிலப் புத்தாண்டும் இதற்குள் வருகின்றன. பள்ளி திறந்த அதே வாரத்தில் பொங்கல்.

உங்கள் பெற்றோருக்கு இந்த விடுமுறை நன்றாகத் தெரியும். பாட்டி வீட்டில் பத்துப் பதினைந்து பிள்ளைகள் ஒரே கூடத்தில் பாய் விரித்துப் படுத்த காலம் அது. காலையில் யார் முதலில் குளிப்பது என்று சண்டை. மாலையில் எல்லாரும் ஒரே சட்டியில் வறுத்த கச்சானுக்குப் போட்டி. அந்த விடுமுறையின் நாள்கள் இப்போது உங்களுக்குத் திரும்பக் கிடைத்துள்ளன. அந்தக் கூட்டமும் கிடைக்குமா என்பதுதான் நான் இன்று உங்களிடம் கேட்க விரும்புவது.

தீபாவளியன்றுதான் எல்லாரும் கூடிவிட்டோமே என்று சிலர் சொல்லலாம். தீபாவளிக்கு ஒரு நாள்தான் பொது விடுமுறை. பண்டிகைக்கு முந்திய வாரங்களில் மஸ்ஜித் இந்தியா சாலையில் நடந்து பாருங்கள். சேலைக் கடைகளிலும் ஆயத்த ஆடைக் கடைகளிலும் குடும்பம் குடும்பமாக மக்கள் நிற்பார்கள். அந்தக் கூட்டத்தை எல்லாரும் பார்க்கிறோம். மேசைக்கு அந்தப் பக்கம் நின்று துணியை விரித்து, மடித்து, மீண்டும் விரித்துக் காட்டுபவரும் ஒரு வீட்டின் அக்காவோ சித்தியோதான். கடைசி வாடிக்கையாளர் போன பிறகே அவர் வீடு திரும்புவார். மறுநாள் அதிகாலை எண்ணெய்க் குளியலுக்கு எழும்போது அவருக்கு உட்காரவும் தெம்பிருக்காது. மருத்துவமனையில் தாதியாக இருக்கும் அத்தை, பாதுகாவலராக வேலை செய்யும் பெரியப்பா, சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் மாமா ஆகியோருக்கும் இதே நிலைதான். பண்டிகையை மற்றவர்களுக்கு நடத்திக் கொடுப்பவர்கள் தங்கள் சொந்த உறவுகளோடு உட்கார்ந்து பேச இன்னொரு சமயம் வேண்டும். ஆண்டிறுதி அந்தச் சமயம்.

ஆனால் உறவுகள் தாமாகக் கூடிவிடுவதில்லை. ஒரு காலத்தில் அப்படிக் கூடினார்கள், அதற்குக் காரணம் இருந்தது. நம்மில் பலருடைய தாத்தா பாட்டி ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்தவர்கள். இந்த லயத்தில் அண்ணன், அடுத்த லயத்தில் தம்பி, கோயிலுக்குப் பக்கத்தில் மாமியார் வீடு என்று தோட்டமே உறவுகளைச் சேர்த்து வைத்திருந்தது. இன்றைய புத்ராஜெயா இருக்கும் நிலத்தில் 1990களின் நடுப்பகுதி வரை பிராங் பெசார் தோட்டம் இருந்தது. சுபாங் ஜெயா எழுந்த இடம் சீபீல்ட் தோட்டம். தோட்டங்கள் நகரங்களாக மாறியபோது குடும்பங்கள் பிரிந்து, ஒருவர் கிள்ளானுக்கும், ஒருவர் பூச்சோங்குக்கும், ஒருவர் ரவாங்குக்கும் போனார்கள். பத்து அடியில் இருந்த அண்ணன் வீடு டோல் கட்டிப் போகும் தூரத்துக்கு விலகியது. அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் இருபது பேர் உட்காரவும் இடம் போதவில்லை.

அதற்குப் பிறகும் முப்பது ஆண்டுகளாகப் பல குடும்பங்கள் கூடிக்கொண்டுதான் இருக்கின்றன. எப்படி? ஒவ்வொரு குடும்பத்திலும் யாரோ ஒருவர் அதை வேலையாக எடுத்துச் செய்கிறார். பெரும்பாலும் அது ஒரு பாட்டி அல்லது ஓர் அத்தை. யாரிடம் யார் பேசுவதில்லை, யாருக்குச் சர்க்கரை நோய், யார் காரில் எத்தனை பேருக்கு இடம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அழைப்பதும் சமைப்பதும் சமாதானம் பேசுவதும் அவர்தான். அவர் காலமானதும் அந்தக் குடும்பம் புலனத்தில் மட்டும் வாழ்த்துச் சொல்லிக்கொள்ளும் குடும்பமாகிவிடுகிறது. இப்படி முடிந்துபோன குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். சண்டை எதுவும் நடந்திருக்காது. அழைக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. மலேசியாவில் 1970ஆம் ஆண்டில் ஒரு பெண் பெற்றெடுத்த பிள்ளைகளின் சராசரி 4.9. 2022இல் அது 1.6. இந்தியர்களிடையே தேசியச் சராசரியைவிடவும் குறைவு. ஒரு பாட்டிக்கு ஐந்து பிள்ளைகள், அந்த ஐவருக்கும் ஐந்தைந்து பிள்ளைகள் என்றால் பேரப்பிள்ளைகள் 25 பேர். அதில் ஒருவருக்கு உடன்பிறந்தவர்கள் நால்வர். சித்தப்பா, மாமா, அத்தை, பெரியம்மா பிள்ளைகள் 20 பேர். ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு பிள்ளைகள் என்றால் அந்த இருபது, இரண்டாகிவிடும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பிள்ளை என்றால் மாமா இல்லை, அத்தை இல்லை, சித்தியும் இல்லை. சீனாவில் 1980 முதல் 2015 வரை நடப்பில் இருந்த ஒரு பிள்ளைத் திட்டத்தின் கீழ் நகரங்களில் வளர்ந்தவர்களின் பிள்ளைகள் பலர் இப்படித்தான் வளர்கிறார்கள்.

அதிகப் பிள்ளைகள் பெற வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. சிறிய குடும்பத்தால் நம் அம்மாக்களுக்கு உடல்நலமும், அக்காக்களுக்குப் படிப்பும் வேலையும் கிடைத்தன. அதை யாரும் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. நான் சொல்வது இதுதான்: இன்று பள்ளியிலும் கல்லூரியிலும் இருக்கும் உங்களுக்கு இன்னும் நிறைய அத்தை, மாமா, சித்தப்பா இருக்கிறார்கள். உங்கள் பிள்ளைகளுக்கு அவ்வளவு பேர் இருக்க மாட்டார்கள். ஆகவே, உங்கள் மாமா மகனும் சித்தி மகளும்தான் அவர்களுக்கு மாமாவாகவும் அத்தையாகவும் நிற்க வேண்டியிருக்கும். அவர்களோடு இப்போது பழகவில்லை என்றால் அப்போது யாரை அழைப்பீர்கள்?

தமிழில் முறைப்பெயர்கள் வெறும் பெயர்கள் மட்டுமாக இருந்ததில்லை. தாய்மாமன் என்றால் காதுகுத்துக்கு மடியில் உட்கார வைத்துக்கொள்ளும் பொறுப்பும், சீர் கொண்டுவரும் கடமையும் அவருக்கு உண்டு. அப்பாவின் அக்காவுக்கு ஓர் இடம், அம்மாவின் தங்கைக்கு வேறோர் இடம். இன்று எல்லாரையும் அங்கிள், ஆண்டி, கசின் என்ற மூன்று சொற்களில் முடித்துவிடுகிறோம். சொல் சுருங்கியதோடு, யார் நமக்கு என்ன செய்ய வேண்டும், நாம் யாருக்கு என்ன செய்ய வேண்டும் என்பதும் மறந்துபோகிறது.

முறைப்பெயருக்கு எவ்வளவு வலு என்று தெரிய வேண்டுமானால் மஸ்ஜித் இந்தியாவுக்கே வாருங்கள். 1863இல் இந்திய முஸ்லிம்களுக்காக எழுந்த பள்ளிவாசலால் அந்தச் சாலைக்கு அந்தப் பெயர் வந்தது. அதைச் சுற்றித் தமிழ் முஸ்லிம்களின் கடைகளும் உணவகங்களும் வளர்ந்தன. அந்த உணவகங்களை மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் மாமாக் கடை என்கிறோம். அது நம் 'மாமா' என்ற சொல்லிலிருந்து வந்தது. உறவு இல்லாத ஒருவரை மரியாதையோடு அழைக்கப் பயன்பட்ட முறைப்பெயர் ஒரு நாடு முழுவதற்கும் பொதுச் சொல்லாகிவிட்டது. தீபாவளிச் சேலையைத் தமிழ் முஸ்லிம் கடையில் வாங்கி, கிறிஸ்துமசுக்குக் கிறிஸ்தவ உறவினர் வீட்டுக்குப் போய், நோன்புப் பெருநாளில் அண்டை வீட்டுப் பிரியாணி சாப்பிடும் சமூகம் நாம். அந்நியரையே மாமா என்று அழைத்த நாம், சொந்த மாமாவின் தொலைபேசி எண்ணைத் தெரியாமல் இருக்கலாமா?

குடும்பக் கூட்டம் என்றாலே உங்களில் சிலருக்கு வயிற்றைக் கலக்கும் என்பதும் எனக்குத் தெரியும். எஸ்பிஎம் எழுதி முடித்தவரிடம் "எத்தனை ஏ வரும்?" என்று கேட்பார்கள். பட்டம் வாங்கியவரிடம் "வேலை கிடைத்ததா?" என்பார்கள். வேலை கிடைத்தவரிடம் "எப்போது கல்யாணம்?" என்பார்கள். நிறம், உடல் எடை என்று எதையும் விட்டுவைக்காத உறவினரும் உண்டு. தேர்வில் சறுக்கிய ஒரு பிள்ளை, வேலையை இழந்த ஓர் அண்ணன், மதம் மாறித் திருமணம் செய்துகொண்ட ஓர் அக்கா ஆகியோர் மெல்ல மெல்லக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திக்கொள்வதற்கு இந்தக் கேள்விகளே காரணம். யாருக்குக் குடும்பம் அதிகம் தேவையோ அவர்தான் முதலில் விலகிப் போகிறார். பெரியவர்களை ஒரே நாளில் மாற்ற முடியாது. ஆனால் உங்கள் வயதுக்காரரைக் கேள்வி கேட்டுக் குடையும்போது நீங்கள் பேச்சை மாற்றலாம். "மாமா, அது வரும்போது பார்த்துக்கொள்ளலாம், நீங்கள் தோட்டத்தில் பந்து விளையாடிய கதையைச் சொல்லுங்கள்" என்று ஒருவர் சொன்னால் போதும்.

இன்னொன்று அடுப்படி. கூட்டுக் குடும்பத்தின் மகிழ்ச்சியைப் பற்றி நாம் எழுதும் கட்டுரைகளில் பாத்திரம் கழுவியவர் யார் என்று இருப்பதில்லை. முறுக்குப் பிழிவதும் இட்லி அவிப்பதும் இருபது தட்டு கழுவுவதும் பெண்களின் வேலை, கூடத்தில் உட்கார்ந்து கைப்பேசி பார்ப்பது பையன்களின் உரிமை என்றால், அந்தக் கூட்டத்தை அடுத்த தலைமுறைப் பெண்கள் நடத்த மாட்டார்கள். நடத்தாமல் விட்டால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. உறவுகள் கூட வேண்டும் என்று விரும்பும் மாணவன் முதலில் பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போகட்டும்.

சரி, இந்த மூன்று வாரத்தில் என்ன செய்யலாம்? பெரிய செலவு தேவையில்லை. முதலில், உங்கள் குடும்பத்தில் இதுவரை அழைத்துக்கொண்டிருந்தவர் யார் என்று கண்டுபிடியுங்கள். அவரிடம் போய், "இந்த முறை நான் அழைக்கிறேன், யார் யாரை அழைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். புலனத்தில் ஒரு செய்தி போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழையுங்கள். சில ஆண்டுகளாக வராதவரை இரண்டு முறை அழையுங்கள்.

வீட்டில் இடம் இல்லை என்பது தடையாக இருக்க வேண்டாம். மஸ்ஜித் இந்தியாவிலேயே கூடலாம். பிரிக்பீல்ட்ஸிலிருந்து வருபவர் கேஎல் சென்ட்ரலில் எல்ஆர்டி ஏறினால் இரண்டாவது நிலையம் மஸ்ஜித் ஜாமெக். அம்பாங், ஸ்ரீ பெட்டாலிங் வழித்தடங்களும் அங்கேதான் சந்திக்கின்றன. கிள்ளான் உறவினர் கொமுட்டரில் பேங்க் நெகாரா நிலையத்தில் இறங்கி நடந்தே வந்துவிடலாம். பொங்கலுக்கு வேண்டிய துணி எடுத்து, ஓர் உணவகத்தில் ஆளுக்குப் பத்துப் பதினைந்து ரிங்கிட்டைப் பகிர்ந்து சாப்பிட்டு, சனிக்கிழமையாக இருந்தால் துவாங்கு அப்துல் ரஹ்மான் சந்தின் இரவுச் சந்தையைச் சுற்றி வந்தால் ஒரு நாள் நிறைந்துவிடும். நடக்க முடியாத பாட்டி இருந்தால் எல்லாரும் அவர் வீட்டுக்குச் சமைத்து எடுத்துக்கொண்டு போவதே முறை.

கூடும்போது ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு போங்கள். தீபாவளிக்கு முன் படையல் போட்டு வணங்கிய முன்னோர்களின் பெயர்கள் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கொள்ளுத்தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தத் தோட்டத்தில் பால் வெட்டினார், பாட்டியின் அக்கா தங்கைகள் எங்கே போனார்கள் என்று கேட்டு எழுதுங்கள். முறைப்பெயரோடு ஒரு குடும்ப மரம் வரையுங்கள். எந்த வரலாற்று நூலிலும் இது இல்லை. சொல்லத் தெரிந்தவர்கள் எண்பது வயதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

2020 நவம்பர் 14ஆம் தேதி வந்த தீபாவளியை நினைத்துப் பாருங்கள். நடமாட்டக் கட்டுப்பாட்டின் கீழ் கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் ஒரே வீட்டில் இருப்பவர்கள் மட்டுமே சேர்ந்து கொண்டாடினோம். அன்று பாட்டி வீட்டுக்குப் போக முடியாமல் அழுத பிள்ளைகள்தான் இன்றைய இடைநிலைப்பள்ளி மாணவர்கள். இன்று சாலை திறந்திருக்கிறது, விடுமுறையும் இருக்கிறது. அழைப்பதற்கு ஒருவர் வேண்டும். பதினாறு வயதில் அந்தப் பொறுப்பை ஏற்பது சீக்கிரம் என்று நினைக்காதீர்கள். இன்றே இரண்டு பேரை அழைத்துப் பேசுங்கள்.