‘இவர்களுக்கு’ என்ற சொல் இல்லாத சுவர்



புகழ்பெற்ற ஆலயங்களைக் காணச் செல்லும் நாம் பெரும்பாலும் அவற்றின் உயரத்தையும் அழகையும் வியந்து திரும்புகிறோம். இங்கிலாந்திலுள்ள கோவென்ட்ரி பேராலயமோ தன்னைக் காண வருகிறவரிடம் ஒரு கேள்வி கேட்கிறது. பயணத்தின் நடுவே அங்கே சில மணி நேரம் தங்கியிருக்கக் கர்த்தர் எனக்குக் கிருபை செய்தார். அந்தக் கேள்வியை உங்கள் முன்பாகவும் வைக்க விரும்புகிறேன்.

1940 நவம்பர் 14 அன்று இரவு ஜெர்மானிய விமானங்கள் அந்நகரின்மேல் குண்டுமாரி பொழிந்தன. 500-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இடைக்காலத்தில் எழுப்பப்பட்ட புனித மிகாவேல் பேராலயம் தீக்கிரையாயிற்று. வெளிச்சுவர்களும் உயர்ந்த கோபுரமும் மாத்திரம் எஞ்சின. கருகிய இரண்டு உத்திரங்கள் சிலுவை வடிவில் விழுந்து கிடந்ததைக் கண்ட கல்தச்சர் ஒருவர் அவற்றைச் சேர்த்துக் கட்டி நிறுத்தினார். பழைய கூரையின் மூன்று ஆணிகள் இன்னொரு சிலுவையாயின.

அந்த ஆண்டின் கிறிஸ்துமஸ் நாளில், ஆலயத்தின் தலைமைக் குருவான ரிச்சர்ட் ஹோவர்ட், இடிபாடுகளின் நடுவிலிருந்து வானொலியில் பேசினார். பழிவாங்கும் எண்ணத்தை அகற்றப் பாடுபடுகிறோம் என்று அவர் அறிவித்தபோது போர் ஓய்ந்திருக்கவில்லை. பின்னாளில், பழைய பலிபீடத்தின் பின்சுவரில் ‘பிதாவே, மன்னியும்’ என்ற இரண்டே சொற்கள் பொறிக்கப்பட்டன.

கவனியுங்கள். சிலுவையில் நம் ஆண்டவர் ஏறெடுத்த விண்ணப்பத்தில் ‘இவர்களுக்கு’ என்ற சொல் உண்டு. பாவமில்லாத அவர் மட்டுமே அப்படிக் கேட்கத் தகுதியுள்ளவர். நாமோ எல்லாரும் பாவஞ்செய்தவர்கள் என்று ரோமர் 3:23 சாட்சியிடுகிறது. ஆகவே அந்தச் சுவரில் அச்சொல் இல்லை. 1945 பிப்ரவரியில் பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள் டிரெஸ்டன் நகரைச் சாம்பலாக்கியதை நினைத்தால், அந்த விடுபாட்டின் ஆழம் விளங்கும்.

பேசில் ஸ்பென்ஸ் என்னும் கட்டடக் கலைஞர் வடிவமைத்த புதிய பேராலயம் 1962-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அவர் இடிபாடுகளை அகற்றவில்லை. அவற்றின் அருகிலேயே புதியதை எழுப்பினார். பரிசுத்தவான்களும் தேவதூதர்களும் செதுக்கப்பட்ட மாபெரும் கண்ணாடிச் சுவர் ஒன்று இரண்டுக்கும் இடையே நிற்கிறது. புதிய ஆலயத்திலிருந்து அதன் வழியே பார்த்தால் பழைய காயம் கண்ணுக்குத் தெரிகிறது.

இதிலிருந்து நான் உறுதியாகக் கற்றது ஒன்று உண்டு: மன்னிப்பு உண்மையை மூடிவைப்பதில்லை. வீட்டில் அடிபடும் சகோதரியிடம், “மன்னித்து மறந்துவிடம்மா” என்று சொல்லி அனுப்பிவிடுவது சுவிசேஷம் ஆகாது. நடந்த கொடுமையைக் கொடுமை என்றே சொல்லி, அவளைப் பாதுகாப்பதே சபையின் கடமை. இடிந்த சுவர் சாட்சியாக நிற்கட்டும். பகை மாத்திரம் குடியிருக்க வேண்டாம்.

இன்னொன்று: ஒப்புரவாகுதலுக்குக் கைகளும் வேண்டும். 1961-இல் ஜெர்மானிய இளைஞர்கள் கோவென்ட்ரிக்கு வந்து, இடிந்த பகுதியொன்றைச் சீரமைக்க உழைத்தார்கள். 1965-இல் கோவென்ட்ரியிலிருந்து இளைஞர்கள் டிரெஸ்டனுக்குச் சென்று, குண்டுவீச்சில் சிதைந்த மருத்துவமனையொன்றைக் கட்ட உதவினார்கள்.

இப்போது நம் சபைக்கு வருவோம். வரப்புத் தகராறு, திருமண அழைப்பில் விடுபட்ட பெயர், சபைத் தேர்தலில் எழுந்த கசப்பு இவற்றால் ஆண்டுக்கணக்காய்ப் பேசாதிருக்கும் உடன்பிறப்புகள் நம்மிடையே இல்லையா? ஒரே பாத்திரத்தில் பங்குபெற்று, ஆலய வாசலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறோமே! குண்டுகளால் வீடிழந்தவர்கள் எதிரியோடு கைகோத்தார்கள். நம்மைத் தடுப்பது எது? இதுவே அந்த ஆலயம் கேட்ட கேள்வி.

அடுத்த திருவிருந்துக்கு முன், உங்களைக் காயப்படுத்தியவரை நினைத்து, அந்த இரண்டு சொற்களால் ஜெபியுங்கள். ‘இவர்களுக்கு’ என்று சேர்க்காமல் ஜெபியுங்கள். பின்பு, காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகும்படி மத்தேயு 5:23, 24-இல் ஆண்டவர் கற்பித்தபடி, எழுந்து அவருடைய வீட்டுக்குச் செல்லுங்கள்.

ஒப்புரவாக்குதலின் ஊழியத்தை நமக்குத் தந்த தேவன் உங்களோடிருப்பாராக. ஆமென்.