பத்து வெள்ளியும் துன் சம்பந்தனும்

துன் வீ. தி. சம்பந்தனைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவர் வகித்த பதவிகளையும் பெற்ற பட்டங்களையும் வரிசையாகச் சொல்லி முடித்துவிடுகின்றனர். ஆயினும் மலாக்கா மாநிலத் தோட்டங்களில் பால்மரம் சீவிப் பிழைத்த நம் மக்களின் கண்கொண்டு நோக்குமிடத்து, அவருடைய ஜீவிதத்தின் சாரம், மாதம் பத்து வெள்ளி என்று ஏழைத் தொழிலாளியிடம் அவர் கேட்டு வாங்கிய அந்தச் சிறு தொகையிலேயே அடங்கியிருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

1919 ஜூன் 16-இல் பேராக்கின் சுங்கை சிப்புட்டில் தோட்ட உரிமையாளர் ஒருவரின் புதல்வராகப் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்பிய அவர், 1955-இல் மலாயா இந்தியர் காங்கிரஸின் தலைவரானார். அவ்வாண்டு ஜூலைத் தேர்தலில் அக்கட்சியும் அங்கம் வகித்த கூட்டணி 52 ஆசனங்களில் 51-ஐ வென்றபின், பிரிட்டிஷ் ஹைகமிஷனரின் அதிகாரம் நீங்காத அந்நாளிலேயே தொழில் அமைச்சராகவும் அமர்ந்தார். மறு ஆண்டு பிப்ரவரி 20-இல் நம் பண்டார் ஹிலிர் திடலில் துங்கு அப்துல் ரஹ்மான் சுதந்திரத் தேதியை அறிவித்தார். நாடெங்கும் எழுந்த அந்த ஆனந்தத்துக்குப் பின்னே தோட்டப்புறத்தில் ஒரு பீதியும் வளர்ந்துகொண்டிருந்தது.

அதற்குத் துண்டாடல் என்று பெயர். ஐரோப்பியக் கம்பெனிகள் பல தம் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட, வாங்கியவர்கள் அவற்றைச் சில ஏக்கர் கொண்ட துண்டுகளாகக் கூறுபோட்டு மறுபடியும் விற்றார்கள். துண்டு நிலத்துக்காரருக்கு லயம் எதற்கு, ஆஸ்பத்திரி எதற்கு, பிள்ளை மடுவம் எதற்கு? தலைமுறை தலைமுறையாகக் காடு வெட்டி, கன்று நட்டு, கோயில் எழுப்பி, அம்மண்ணிலேயே தம் பெரியோரைப் புதைத்த குடும்பங்கள், சட்டிபானைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போக்கிடமின்றி நின்றன. பிரஜா உரிமை பெறாதிருந்தவர்களின் நிலைமையோ இன்னும் பரிதாபகரமானது. 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த இத்துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஜீஸ் ஆராய்ந்து நூலாகவே எழுதினார்.

தோட்டம் விற்பனைக்கு வருமானால் அதைத் தொழிலாளியே வாங்கட்டும் என்று 1960-இல் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஸ்தாபித்தார். பங்கு நூறு வெள்ளி. மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். நாட்கூலி சில வெள்ளிகளாகவே இருந்த காலத்தில் பத்து வெள்ளி என்பது ஒரு குடும்பத்தின் பல நாள் அரிசி. அமைச்சராக இருந்துகொண்டே தோட்டந்தோறும் சென்று, எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்களிடமும் பங்கு என்றால் என்ன, உடைமை என்றால் என்ன என்று விளக்கி, அவர்களுடைய நம்பிக்கையை அவர் சம்பாதித்தார். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் முதல் உடைமையாயிற்று. கூலிகள் என்று ஏசப்பட்ட சமூகம் தோட்டத்துக்குச் சொந்தக்காரராவதற்கு இதைவிட கௌரவமான மார்க்கம் அன்று வேறு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அவர் மிகவும் சாந்தமானவர், கூட்டணிக்குள் தம் சமூகத்துக்காக உரத்துப் பேசத் தயங்கினார் என்னும் குற்றச்சாட்டை நான் முற்றும் மறுக்கமாட்டேன். துண்டாடலைச் சட்டத்தால் தடுத்து நிறுத்த அவரால் இயலவில்லை. சங்கம் காப்பாற்றியது ஒரு பகுதியைத்தான். 1967-இல் நம் புக்கிட் அசகான் தோட்டத்து மக்கள் நியாயம் கேட்டுக் கோலாலம்பூர் வரை நடந்தே சென்றபோது அவர் அமைச்சரவையில்தான் இருந்தார். அந்த நடைப்பயணத்தை மறைத்துவிட்டு அவருக்குப் புகழ்மாலை சூட்டுவது சத்தியத்துக்குச் செய்யும் துரோகம். எனினும் குறை சொல்லிய எத்தனை பேர் தொழிலாளியின் பெயரில் ஓர் ஏக்கர் நிலமாவது வாங்கிக் கொடுத்தார்கள் என்பதையும் நாம் கேட்டாக வேண்டும்.

இன்று ஜாசினிலும் அலோர் காஜாவிலும் ரப்பர் மரங்கள் நின்ற இடங்களில் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் எழுந்துள்ளன. கெமண்டோர், தெபோங் முதலிய ஊர்களில் தமிழ்ப்பள்ளிகள் நிலைத்திருக்க, தோட்டத்துப் பிள்ளைகள் பட்டணத்துத் தொழிற்சாலைகளுக்குப் போய் வாடகை வீடுகளில் குடியிருக்கிறார்கள். மேடைக்கு வந்து நம்மிடம் வாக்குக் கேட்கும் தலைவர்கள் மானியத் தொகைகளின் கணக்கை வாசிக்கட்டும்; அத்துடன், இந்த வாடகைக் குடும்பங்கள் சேர்ந்து மனையும் வீடும் வாங்குவதற்கு எந்தக் கூட்டுறவைத் தொடங்கினார்கள், அதில் எத்தனை பேரைப் பங்குதாரராக்கினார்கள் என்ற கணக்கையும் மலாக்கா வாக்காளர்கள் அவர்களிடம் கேட்டு வாங்க வேண்டும்.